பால் கொடுத்த தாராவூ

புனேயிலிருந்து ஸதாரா போகும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி காபூர்ஹோள் என்று ஓர் ஊர் இருக்கிறது. புனேயில் வசிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு ஊர்ப் பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் அந்தத் திருப்பம் நன்றாகவே தெரிந்திருக்கும். கேத்காவளே பாலாஜி கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்ப வேண்டும். திருப்பதி ஸந்நிதியைப் போலவே வெங்கடேச்வரா ஹாட்சரீஸ் குழுமத்தார் கட்டிய கோயில் அது. அதே வழியில் மேலே போனால் நாராயண்பூர் தத்தாத்ரேயர் கோயில், அதற்கும் மேலே புரந்தர் கோட்டை.

நான் பல தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒரு தடவையாவது காபூர்ஹோளில் வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை. பேரனுக்காக வேண்டிக்கொண்ட பிரார்த்தனையைச் செலுத்தப் போனபோது, வண்டி ஓட்டிய மராட்டியப் பையன்தான் சொன்னான்: "ஆஜி, ஸம்பாஜி மஹாராஜுக்குப் பால் கொடுத்த தாராவூ இந்த ஊர்க்காரிதான்." மடியில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சத்ரபதி சிவாஜியின் மூத்த குமாரர் ஸம்பாஜி, 1657ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி புரந்தர் கோட்டையில் பிறந்தார். தாயார் ஸயீபாய், பல்டண் நிம்பாள்கர் வம்சத்துப் பெண். பிரசவத்துக்குப் பின் அவருக்கு உடம்பு தேறவேயில்லை. குழந்தைக்குப் போதுமான பால் இல்லை. ராஜ குடும்பத்தில் பசுவுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். ஆனால் பிறந்த சிசுவுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வது அபூர்வம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு அனுபவத்திலேயே தெரியும். மலைக்குக் கீழே காபூர்ஹோளில் காடே குடும்பத்தைச் சேர்ந்த தாராவூ என்ற பெண்மணியைக் கோட்டைக்கு அழைத்து வந்தார்கள். ஸயீபாய் 1659 செப்டம்பரில் ராஜ்கட் கோட்டையில் காலமானபோது ஸம்பாஜிக்கு இரண்டே கால் வயது. அதன்பின் பாட்டி ஜீஜாபாய் வளர்த்தார். ஆனால் முதலில் உயிரைப் பிடித்து வைத்தவள் தாராவூ.

அவளுடைய பிள்ளைகள் அந்தோஜி, ராயாஜி இருவரும் பிற்பாடு ஸம்பாஜியின் சேவையிலேயே இருந்தார்கள். மராட்டியில் இப்படிப்பட்ட உறவுக்கு 'தூத்பாவூ', அதாவது பால் சகோதரன் என்று பெயர். நம் பாஷையில் இதற்கு ஈடாக நாள்தோறும் புழங்குகிற ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பால் கொடுத்தவளுக்கு வார்த்தை உண்டு. பழைய நூல்கள் ஐவகைத் தாயரைச் சொல்லும்போது முலைத்தாய் என்று தனியாக ஒருத்தியைச் சொல்லுகின்றன. சங்கப் பாட்டுகளில் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். தலைவி வீட்டை விட்டுப் போய்விட்டால் தேடிக்கொண்டு காட்டுவழியே நடக்கிறவள் செவிலிதான், நற்றாய் அல்ல!

மொகலாயர் இந்த உறவை இன்னும் ஒரு படி மேலே வைத்தார்கள். அக்பருக்குப் பால் கொடுத்த ஜீஜீ அங்காவின் மகன் அஜீஸ் கோகா. 'கோகா' என்றாலே பால் சகோதரன். அஜீஸ் எத்தனை தடவை முரண்டு பிடித்தாலும், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பால் நதி ஓடுகிறது, அதை என்னால் தாண்ட முடியாது என்ற பொருளில் அக்பர் சொல்லி விட்டுவிடுவாராம். ஆனால் அந்த நதி எல்லோரையும் காப்பாற்றவில்லை. தலைமைச் செவிலி மாஹம் அங்காவின் மகன் ஆதம் கான், 1562இல் ஜீஜீ அங்காவின் கணவரைக் கொன்றபோது, அக்பர் அவனை ஆக்ரா கோட்டை மாடியிலிருந்து தள்ளச் சொன்னார். மேவாரில் பன்னா தாய் செய்ததோ இதற்கு நேர்மாறு. தான் வளர்த்த இளவரசர் உதய ஸிங்கைக் காப்பாற்ற, தொட்டிலில் தன் பிள்ளையைக் கிடத்தி வெட்டுக் கொடுத்தாள். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. தாராவூவுக்கு அப்படி ஒரு சோதனை வரவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

எப்படிப்பட்டவளைப் பால் கொடுக்க வைக்க வேண்டும் என்பதற்கு நம் சாஸ்திரங்களில் விஸ்தாரமான விதிகள் உண்டு. ஸுச்ருத ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானம் பத்தாவது அத்தியாயத்தைப் பாருங்கள். தாத்ரீ என்கிற செவிலி நடுத்தர வயதும் உடல்வாகும் கொண்டவளாக, நோயற்றவளாக, தன் குழந்தை உயிரோடு இருப்பவளாக, பேராசையும் சபலமும் இல்லாதவளாக, குழந்தையிடம் வாத்ஸல்யம் உள்ளவளாக இருக்க வேண்டும். பாலைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். நுரையும் நூலும் இல்லாமல், சங்கு நிறத்தில் தண்ணீரோடு ஒன்றாகக் கலந்தால் சுத்தமான பால். ஊட்டுவதற்கு முன் கொஞ்சம் பீச்சிவிட வேண்டும். இல்லாவிட்டால் கட்டியிருக்கும் பால் வேகமாக வந்து குழந்தைக்கு இருமலும் வாந்தியும் வரும். பால் கட்டிக்கொண்டால் குழந்தையால் சரியாகப் பற்ற முடியாது, கொஞ்சம் பீச்சிவிட்டு ஊட்டுங்கள் என்று இன்றைய பிரசவ வார்டு நர்ஸுகளும் சொல்லுகிறார்கள்.

பால் ஏன் வற்றுகிறது? கோபம், சோகம், குழந்தையிடம் பிரியமில்லாமை என்று ஸுச்ருதர் காரணம் அடுக்குகிறார். மனக்கலக்கம் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பதை இன்றைய டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். பெற்றவளைச் சுற்றி நின்றுகொண்டு "பால் போதவில்லையே, போதவில்லையே" என்று புலம்புகிற நாம்தான் பாதி கெடுக்கிறோம்.

பால் சுரக்க அவர் சொல்லும் பட்டியலில் சாலி அரிசி, கோதுமை, சுரைக்காய், தண்ணீர்விட்டான் கிழங்கு, பால்முதுக்கன் கிழங்கு இவற்றோடு பூண்டும் இருக்கிறது. பூண்டின் வாசனையே ஆகாது என்றிருந்த நம் அகங்களில்கூடப் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் பத்தியத்தோடு நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு போட்டார்களே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? மராட்டியர் வீடுகளில் இதே வேலையை அளீவ் லாடு செய்கிறது. அளீவ் என்ற சிவந்த பொடி விதையை இளநீரில் ஊறவைத்து, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டை. எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள், என் அங்காயப் பொடியைவிட மாட்டுப்பெண்ணுக்கு அதுதான் பிடித்தது! ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். லேகியமோ லாடுவோ துணைதான். குழந்தை எத்தனைக்கெத்தனை உறிஞ்சுகிறதோ அத்தனைக்கத்தனை சுரக்கும் என்பதுதான் மூல விதி. தாராவூ போன்றவர்கள் இரண்டு குழந்தைகளுக்கு ஊட்ட முடிந்ததும் அதனால்தான்.

ஒரு விஷயத்தில் ஸுச்ருதரோடு எனக்கு உடன்பாடில்லை. பால் இறங்க மூன்று நான்கு நாளாகும், அதுவரை தேனும் நெய்யும் கொடு என்கிறார். முதலில் ஊறும் சீம்பால்தான் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தருவது, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்பது இன்றைய வைத்தியம். வேடிக்கை என்னவென்றால், நம்மில் பலர் அனுஸரிக்கும் ஆபஸ்தம்ப க்ருஹ்ய ஸூத்திரத்தில் ஜாதகர்மத்தின் அங்கமாகவே, குழந்தையை ஸ்நானம் செய்வித்துத் தாய் மடியில் விட்டு வலது ஸ்தனத்தில் ஊட்டும் மந்திரம் வருகிறது. ஸூத்திரத்தில் இப்படியிருக்க, சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டுகிற வழக்கம் பல வீடுகளில் எப்படியோ புகுந்துவிட்டது.

இன்னொரு விதியும் அதே அத்தியாயத்தில் உண்டு. செவிலி ஸவர்ணையாக, அதாவது அதே வர்ணத்தவளாக இருக்க வேண்டும். இங்கேதான் என் கதை வருகிறது.

பேரன் புனேயில் 32 வாரத்திலேயே பிறந்தான். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மாட்டுப்பெண்ணுக்குப் பால் இறங்கவில்லை. பால் வங்கியிலிருந்து வேறு தாய்மார் கொடுத்த பாலைக் கொடுக்கலாமா என்று கேட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். "யார் பாலோ, என்னவோ! டப்பாப் பால் கொடுத்தால் போதாதா?" என்றேன். வயதில் என் பெண்ணைவிடச் சின்னவளான நர்ஸ், மராட்டியில் அமைதியாகச் சொன்னாள்: "ஒரு அம்மாவின் பால்தான், ஆஜி." மாட்டுப்பெண் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள்மேல் கோபமா, என்மேலா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

குறைமாதக் குழந்தைகளுக்கு டப்பாப் பாலால் குடல் அழுகும் அபாயம் கூடுகிறது, தாய்ப்பால், அது வேறொரு தாயின் பாலானாலும், அதைக் குறைக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பால் கொடுக்கும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை முதலிய பரிசோதனைகள் செய்கிறார்கள். பாலை 62.5 டிகிரி ஸெல்ஸியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமிப் பரிசோதனை செய்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொன்ன ஸுச்ருதர் இதைப் பார்த்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். உலகின் முதல் பால் வங்கி 1909இல் வியன்னாவில் ஏற்பட்டது. ஆசியாவில் முதலாவது, 1989இல் பம்பாய் ஸயன் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆரம்பித்தது. பிற்பாடு புனே ஸஸூன் மருத்துவமனையிலும், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் வந்தன.

டப்பாப் பாலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஹென்றி நெஸ்லே 1867இல் குழந்தை மாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நம் தேசத்தில் எருமைப் பாலிலிருந்தே குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடிக்க, அமுல் அதைத் தயாரித்தது. அவசியத்துக்கு நல்லதுதான். ஆனால் விளம்பரம் பார்த்துத் தாய்ப்பாலை நிறுத்தியவர்கள் ஏராளம். அதனால்தான் 1992இல் அந்த விளம்பரங்களைத் தடை செய்து சட்டம் வந்தது.

கூலிக்குப் பால் கொடுத்தவர்களின் கதை எல்லாம் தாராவூ கதை போல இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1886இல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியில், 'ஆமா' என்ற சொல் மதராஸிலும் பம்பாயிலும் பால் கொடுக்கும் தாதியைக் குறிப்பது, போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்று இருக்கிறது. துரைமார் வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று வளர, ஆமாவின் குழந்தை எங்கோ கஞ்சித் தண்ணீரில் கிடந்தது. பிரான்ஸில் இப்படிக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் மடிவதைக் கண்டு 1874இல் சட்டமே போட்டார்கள். தன் குழந்தை உயிரோடிருப்பவளாக இருக்க வேண்டும் என்று ஸுச்ருதர் சொன்னது பாலின் நன்மைக்காகத்தான் என்றாலும், அந்த வரியை இப்போது வேறு விதமாகவும் படிக்கத் தோன்றுகிறது.

மராட்டியர் பாலூட்டும் தாயை மறப்பதில்லை. ராய்கட் கோட்டையில் பால் விற்க வந்த ஹிரகணி, சூரியாஸ்தமனத்தில் கதவு சாத்திவிட, வீட்டில் பசியோடிருக்கும் குழந்தைக்காகச் செங்குத்துப் பாறையில் இறங்கிப் போனாளாம். அவள் பெயரால் அங்கே ஒரு கொத்தளமே இருக்கிறது. இந்த ராஜ்யத்து எஸ்.டி. பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைக்கு 'ஹிரகணி கக்ஷ்' என்றுதான் பெயர். தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களிலும் 2015இல் இத்தகைய அறைகள் திறந்தார்கள்.

பேரன் விஷயத்தை முடிக்கிறேன். ஐந்தாம் நாள் மாட்டுப்பெண்ணுக்குப் பால் இறங்கியது. குழந்தைக்கு உறிஞ்சப் பலமில்லாததால், மூன்று மணிக்கொரு தரம் பீச்சி எடுத்து, பாலாடையில் புகட்டினோம். பால் புட்டி கூடாது, பாலாடைதான் நல்லது என்று அங்கே கண்டிப்பு. அவர்கள் வாயில் பாலாடை என்ற நம் தமிழ் வார்த்தையையே கேட்டதும் எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது! ஊரிலிருந்து என் மாமியாரின் வெள்ளிப் பாலாடையை வரவழைத்தேன். வெந்நீரில் கொதிக்க வைக்காமல் உபயோகிக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு கண்டிப்பு.

மூன்றாவது வாரம் பால் தேவைக்கு மேலேயே சுரந்தது. மாட்டுப்பெண் என்னிடம் கேட்கவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் முதல் பீச்சிய பாலைச் சின்னச் சின்னக் குப்பிகளில் எடுத்து வைத்தாள். ஐஸ் பையில் வைத்து அதைப் பால் வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது என் வேலையாயிற்று. ஜன்னலில் இருந்த பெண் குப்பிகளை எண்ணி, தேதியைப் பார்த்து, ரசீது போட்டாள். எந்தக் குழந்தைக்குப் போகும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் திரும்பிவிட்டேன்.

காபூர்ஹோளில் அன்று வண்டியை நிறுத்தச் சொன்னேன். பேரனுக்கு அப்போது எட்டு மாதம், ஆறு கிலோ. அங்கே ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, கடைக்காரரிடம் தாராவூவைப் பற்றிக் கேட்டேன். மதராஸி அம்மாளுக்கு இந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்று அவருக்கு ஆச்சரியம். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.