தாயின் உணவும் குட்டியின் நிறமும்: ஆய்வுக்கூடத்தின் மூவர்

மரபணுவில் வேறுபாடு இல்லாத இரண்டு சுண்டெலிகள். ஒன்று மஞ்சள் நிறம், பருத்த உடல். மற்றொன்று பழுப்பு நிறம், மெலிந்த உடல். ஏன் இந்த வேறுபாடு?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இக்கேள்வியை ஆராய்ந்தவர் ரேண்டி ஜர்ட்டல். அணுப் பொறியியல் படித்து, பின்னர் கதிரியக்க உயிரியலுக்கு வந்தவர். அவருடன் இணைந்தவர் ஊட்டச்சத்துத் துறையைச் சேர்ந்த ராபர்ட் வாட்டர்லேண்ட். தாய் எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12, கோலின், பீட்டைன் ஆகியவற்றைக் கூடுதலாகக் கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள் அதிகம் பிறந்தன. 2003இல் இருவரும் இதை வெளியிட்டனர். மரபணு மாறவில்லை, அதன்மேல் ஒட்டிய மெத்தில் குறிகளே அதை அடக்கி வைத்தன. இத்துறையே எபிஜெனெட்டிக்ஸ்.

மூன்றாமவர் ஜர்ட்டலின் மாணவி டேனா டோலினோய். கெட்டிப் பிளாஸ்டிக்கில் உள்ள பிபிஏ என்ற இரசாயனத்தைத் தாய் எலிகளின் உணவில் கலந்தபோது மஞ்சள் குட்டிகள் கூடின. ஃபோலிக் அமிலம் போன்ற சத்துகளோ சோயாவில் உள்ள ஜெனிஸ்டீனோ சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு தடுக்கப்பட்டது. இது 2007இல் வெளியான ஆய்வு. பின்னர் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியில் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்தார்.

மலேசியாவில் பிபிஏ கலந்த குழந்தைப் பால் புட்டிகளுக்கு 2012 மார்ச் 1 முதல் தடை உள்ளது.

எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. எனவே கர்ப்பிணிகள் சத்து மாத்திரைகளைத் தாங்களாகக் கூட்டிக்கொள்ளாமல், கிளினிக்கில் கேட்டுச் சாப்பிடுவதே நல்லது.