நாலு கொம்பு ஆடு

ஆட்டைச் சுட்டுக் கொல்ல ஓர் அரசாங்கம் ஆள் அனுப்பியது என்றால் நம்புவீர்களா? அனுப்பியது. அமெரிக்க அரசாங்கம்!

அரிசோனா, நியூ மெக்ஸிகோ பக்கம் வாழும் பூர்வகுடிகள் நவஹோ மக்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த 'சுர்ரா' செம்மறிகள் இவர்கள் கையில் ஒரு தனி இனமாகவே ஆகிப்போனது. பெயர், நவஹோ-சுர்ரோ. சில கிடாக்களுக்கு நாலு கொம்பு! வெயிலோ, பனியோ, காய்ந்த புதரோ... எல்லாவற்றையும் தாக்குப்பிடிக்கும்.

ஆனால், விஷயமே கம்பளியில்தான். நீளமான இழை, பிசுக்கு ரொம்பக் குறைவு. பாலைவனத்தில் கம்பளியை அலசக் குடம் குடமாகத் தண்ணீருக்கு எங்கே போவது? இதற்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். கையாலேயே நூற்றுவிடலாம். நவஹோ கம்பளங்களின் பேரும் புகழும் இப்படி வந்ததுதான்.

முதல் அடி 1863-ல் விழுந்தது. ராணுவம் பயிர்களை எரித்தது, ஆடுகளைக் கொன்றது. 1864-ல் நவஹோக்களைச் சுமார் 500 கிலோமீட்டர் நடக்கவைத்து முகாமில் அடைத்தது. 1868-ல் உடன்படிக்கை. ஊர் திரும்பலாம், கூடவே 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் தருகிறோம் என்றார்கள். மந்தை மறுபடி பெருகியது.

அடுத்த அடி 1930-களில். 'மேய்ச்சலால் மண் அரிக்கிறது, வண்டல் ஹூவர் அணையை அடைத்துவிடும்' என்று பயந்த அதிகாரிகள், மந்தையைக் குறைக்க உத்தரவிட்டார்கள். மண் அரித்தது நிஜம்தான். அதற்காக? ஓட்டிப்போக வழியில்லாத இடங்களில் ஆடுகளை அங்கேயே சுட்டுத் தள்ளினார்கள். இதில் கொடுமை என்ன தெரியுமா? ஆடுகளில் பெரும்பாலானவை பெண்களுக்குச் சொந்தம். பேச்சுவார்த்தையோ ஆண்களோடு!

மிச்சமிருந்ததோடு வேறு இனக் கிடாக்களைக் கலந்தார்கள். கறி கூடியது. கம்பளி? குட்டை இழை, ஏகப்பட்ட பிசுக்கு. நெசவாளிகள் தவித்துப் போனார்கள்.

1970-களில் அசல் ஆடுகள் 500-கூட இல்லை. அப்போதுதான் லைல் மக்நீல் என்ற கால்நடைப் பேராசிரியர் களத்தில் இறங்கினார். 1977-ல் ஒரு திட்டம் தொடங்கி, மூலைமுடுக்கெல்லாம் தேடி, கிடைத்ததைப் பெருக்கி, நவஹோ குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார். 1986-ல் இனப்பதிவுக்கென்று சங்கமும் வந்தது.

கவனியுங்கள்... மியூசியத்தில் கட்டிவைத்து இந்த ஆட்டைக் காப்பாற்றவில்லை. தறிக்கு அந்தக் கம்பளிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள் சில பாட்டிகள். ஆடும் பிழைத்தது!