‘டாஞ்சி பாபு’க்கள் காற்று மாற்றப் போன மேற்கு

பூஜை விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று வங்காள நண்பர்களிடம் கேட்டால், ‘தீபுதா’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். யாரோ தீபு அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள் என்றே முதலில் தோன்றும். வங்காளத்தில் பெயரின் பின் வரும் ‘தா’ அண்ணனைக் குறிப்பது. உண்மையில் அது தீகா, புரி, தார்ஜிலிங் ஆகிய மூன்று ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சொல். ஒரு கடற்கரை, ஒரு கோயிலூர், ஒரு மலை. நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை இம்மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பதே அதிலுள்ள கேலி.

தீபுதாவுக்கு முன்பு இதே இடத்தில் வேறொரு சொல் இருந்தது: ‘பஸ்சிம்’, அதாவது மேற்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கல்கத்தாவின் படித்த குடும்பங்கள் ஆண்டுதோறும் ‘மேற்கே’ போயின. மதுபூர், கிரிடி, தேவ்கர், ஜசிடி, சிமுல்தலா. இன்றைய இந்தியச் சுற்றுலாப் பட்டியல்களில் தேவ்கர் கோயிலைத் தவிர இவற்றுள் எதுவும் முன்வரிசையில் இல்லை. ஆயினும் நம் நாட்டில் ஆங்கிலேயர்கள் தமக்கென உருவாக்காத, இந்தியர்கள் தாமே தேர்ந்து தாமே வீடு கட்டிக்கொண்ட விடுமுறைத் தலங்களுள் இவை முக்கியமானவை. ஆகவே இவற்றின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

அவர்கள் அதைச் சுற்றுலா என்று சொல்லவில்லை. ‘ஹாவா பதல்’ என்றார்கள், காற்று மாற்றம். ஆங்கிலம் கற்றவர்கள் ‘சேஞ்சுக்குப் போகிறோம்’ என்றார்கள். வந்திறங்குபவர்களுக்கு ‘சேஞ்சர்’ என்றே பெயர். மொழியியல் பயின்றவளுக்கு இங்கே கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. பாரசீகத்தில் தட்பவெப்பத்தைக் குறிக்கும் சொல் ‘ஆப்-ஓ-ஹவா’: நீரும் காற்றும். வங்காளத்தில் வானிலைக்கு வழங்கும் ‘ஆபஹாவா’ அதிலிருந்து வந்தது. இந்தியிலும் வங்காளத்திலும் உள்ள ‘ஜலவாயு’ அதே கருத்தைச் சமஸ்கிருதச் சொற்களால் சொல்வது. தமிழில் தட்பவெப்பம் என்றாலும் சீதோஷ்ணம் என்றாலும் குளிரும் சூடும் மட்டுமே. நாம் ஓர் ஊரைத் தோலால் அளக்கிறோம். அவர்கள் வயிற்றாலும் மூச்சாலும் அளந்தார்கள். (நம்மிடமும் ‘அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற பேச்சு உண்டு. நாம் காற்று வாங்கப் போகிறோம், அவர்கள் காற்று தின்னப் போகிறார்கள் என்பது தனிக்கதை.) எனவே விடுமுறைக்கு ஊர் தேடியபோது அவர்கள் காட்சியைத் தேடவில்லை, செரிக்க வைக்கும் கிணற்றையும் காய்ச்சல் தராத காற்றையும் தேடினார்கள்.

தேடுவதற்குக் காரணம் இருந்தது. 1860களிலும் 70களிலும் பர்துவான், ஹூக்ளி மாவட்டங்களை ‘பர்துவான் காய்ச்சல்’ சூறையாடியது. ஊர்கள் வெறிச்சோடின. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பிலிருந்து எழும் நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவம் நம்பியது. கெட்ட காற்றுக்கு மருந்து நல்ல காற்று. கல்கத்தா மருத்துவர்கள் குவினைனுக்கு அடுத்தபடியாக ஊர் மாற்றத்தை எழுதிக்கொடுத்தார்கள். காசநோய்க்கும் அதுவே, தீராத வயிற்றுக் கோளாறுக்கும் அதுவே.

தார்ஜிலிங் ஏறத்தாழ அதிகாரிகளின் ஊர், செலவும் அதிகம். 1871இல் கிழக்கிந்திய ரயில்வேயின் குறுக்குப்பாதை மதுபூர் வழியாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து கிரிடியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒரு கிளை. கரிக்காகப் போட்ட பாதை நோயாளிகளையும் ஏற்றியது. ஹௌராவிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ.; இரவு ஏறினால் காலையில் வேறு மண். மேடுபள்ளமான செம்மண், சால மரங்கள், தேங்காமல் வடிந்தோடும் நீர். வங்காளச் சமவெளியின் குளங்களையும் வயல்நீரையும் விட்டு வந்தவர்களுக்கு அந்த வறட்சியே மருந்தாகத் தெரிந்திருக்கும். உண்மையில் மருந்தாகவும் இருந்தது, காரணம்தான் வேறு. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். காற்று குற்றவாளியல்ல, தேங்கிய நீரில் பிறக்கும் கொசுவே குற்றவாளி என்று ஆனது. ஆனாலும் அதன் பின் மேலும் ஐம்பது ஆண்டுகள் மக்கள் காற்று மாற்றவே ரயில் ஏறினார்கள். கோட்பாடு செத்த பின்பும் வழக்கம் வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சென்றவர்களின் பெயர்களைத் தொகுத்தால் வங்காள மறுமலர்ச்சியின் வருகைப்பதிவேடு போலிருக்கும். ராஜநாராயண் பாசு தேவ்கரில் குடியேறி 1899இல் அங்கேயே மறைந்தார். அரவிந்தர் அவருடைய மகள் வயிற்றுப் பேரர். ஜகதீச சந்திர போஸ் 1937 நவம்பர் 23இல் கிரிடியில் காலமானார். புள்ளியியல் அறிஞர் மஹலானோபிஸுக்குக் கிரிடியில் வீடு இருந்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கிளையொன்று அவ்வூரில் உண்டு. விபூதிபூஷண் பந்தோபாத்யாய் இன்னும் தெற்கே, காட்சிலாவில், 1950இல் இறந்தார். சத்யஜித் ராயின் கற்பனை விஞ்ஞானி பேராசிரியர் ஷொங்குவும் கிரிடிவாசியே. உலகையே சுற்றும் அவர் ஒவ்வொரு முறையும் உஸ்ரி ஆற்றங்கரை வீட்டுக்குத் திரும்புகிறார். தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய ‘சஹஜ் பாட்’ பாடநூலிலும் உஸ்ரி அருவி வருகிறது. எனவே அங்கே போகாத வங்காளிக்கும் அது தெரிந்த இடம்.

இவ்வளவு எழுதிய சமூகம் அது. வந்தவர்களைப் பற்றி ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்கள் எழுதவில்லை. ஆனால் ஒரு சொல்லை விட்டுச் சென்றார்கள்.

சந்தைக்கு வரும் பாபுக்கள் கோழி, முட்டை, பால், கத்திரிக்காய் என எதன் விலையைக் கேட்டாலும், ஆங்கிலத்தில் ‘டாம் சீப்’ என்று வியப்பார்களாம். படுமலிவு என்று பொருள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஊர்க்காரர்கள் அவர்களுக்கு ‘டாஞ்சி பாபு’ என்று பெயரிட்டார்கள் என்பது வழக்கு. இத்தகைய சொற்கதைகளை ஐயத்துடன் அணுகுவதே எங்கள் துறையின் பழக்கம். ஆயினும் இதற்கு ஒலியியல் நன்றாகவே இடம் தருகிறது. சகரத்தின் முன் மகரம் ஞகரமாவது நமக்குப் புதிதல்ல. ‘காலம் சென்ற’ என்பதைக் ‘காலஞ்சென்ற’ என்கிறோமே, அதே விதிதான். இறுதிப் பகரம் ஆங்கிலப் பேச்சிலேயே வெடிக்காமல் உதட்டில் நின்றுவிடும் ஒலி; அயல்காதுக்கு அது விழாமற் போவது இயல்பு. எழுத்துச் சான்று கொண்டு இதை நிறுவுவது கடினம் என்றாலும், எனக்கு இக்கதையை நம்புவதில் தயக்கமில்லை. சொல்லின் தொனியே அதன் பிறப்பைக் காட்டுகிறது. அது வணங்குபவனின் சொல் அல்ல, கேட்டுக்கொண்டிருந்தவனின் சொல்.

அந்த மலிவு எங்கிருந்து வந்தது? 1855 ஜூன் 30 அன்று போக்னாடியில் சிதோ, கானு சகோதரர்களின் தலைமையில் சந்தால் மக்கள் திரண்டார்கள். வட்டிக்காரர், நிலக்கிழார், காவலர் ஆகியோருக்கு எதிராக எழுந்த அந்த ‘ஹூல்’ 1856இல் படைகொண்டு நசுக்கப்பட்டது. அதன் விளைவாகவே சந்தால் பர்கனா என்னும் தனி மாவட்டம் அமைக்கப்பட்டது. மதுபூரும் தேவ்கரும் அதற்குள் வரும் ஊர்கள். அந்த எழுச்சிக்கும் மதுபூர் ரயிலுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளே. கையில் காசு இல்லாத நாட்டில் முட்டை மலிவாகத்தான் இருக்கும். அதே காலத்தில் அதே சோட்டாநாக்பூர், சந்தால் பர்கனா பகுதிகளிலிருந்து ஆள்பிடிப்போர் பல்லாயிரம் பேரை அசாம், டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாக்காரர் காய்ச்சலுக்குத் தப்பி மேற்கே வந்தார். மேற்கின் மனிதர் காய்ச்சல் மண்டிய கிழக்கே போனார். தோட்டங்களில் மலேரியாவும் காலா-ஆசாரும் அவர்களைக் கொன்று குவித்தன. அவர்களுக்கும் காற்று மாறத்தான் செய்தது. சந்தாலியில் வெளியாரைக் குறிக்கும் சொல் ‘டிக்கு’. அதில் சுரண்டுபவன் என்ற கசப்பும் உண்டு. ‘டாஞ்சி’யில் அந்தக் கசப்பு இல்லை, சிரிப்புதான் இருக்கிறது. சந்தையில் நின்றவருக்கு அவ்வளவுதான் இயன்றிருக்கும்.

மலிவு பேசாத ஒருவரும் அங்கே இருந்தார். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1870களில் மதுபூருக்குச் சற்று முன்னுள்ள கர்மாட்டரில் வீடு வாங்கி, நெடுங்காலம் சந்தால் மக்களிடையே வாழ்ந்தார்; ஹோமியோபதி மருந்து கொடுத்தார், பள்ளி நடத்தினார். பிற்காலத்தில் சர்யாபதச் சுவடியைக் கண்டெடுத்த ஹரப்பிரசாத் சாஸ்திரி, இளைஞராக லக்னோ செல்லும் வழியில் அங்கே தங்கினார். காலையில் சந்தால்கள் மக்காச்சோளக் கதிர்களுடன் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான தொகையைச் சொல்கிறார்கள். வித்யாசாகர் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்து வாங்கி அடுக்குகிறார். பிற்பகலில் பசியோடு வருபவர்களுக்கு அதே கதிர்களை எடுத்துக் கொடுக்க, அவர்கள் சுட்டுத் தின்கிறார்கள். சாஸ்திரி எழுதிவைத்த இந்தக் காட்சியை நான் ‘டாஞ்சி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தே படிக்கிறேன். கர்மாட்டர் ரயில் நிலையத்துக்கு இன்று வித்யாசாகர் என்றே பெயர். அது இருக்கும் ஜாம்தாரா மாவட்டத்தைச் செய்தி வாசிப்பவர்கள் கைபேசி மோசடிக்காக மட்டுமே அறிவார்கள் என்பது வேறு சங்கதி.

வழக்கம் ஓய்ந்ததற்குப் பல காரணங்கள். 1912இல் பீகார் வங்காளத்திலிருந்து பிரிந்தபோதே மேற்கு அயல் மாகாணமாகிவிட்டது. விடுதலைக்குப் பின் நிலக்கிழமை ஒழிந்தது. இரண்டு மாதங்களுக்காக ஒரு வீட்டையும் தோட்டக்காரரையும் ஆண்டு முழுவதும் பேணும் வசதி போயிற்று. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டி.டி.டி.யுடன் வந்தது. நோய் தணிந்ததும் காற்றுக்குத் தேவையில்லாமல் போயிற்று; காட்சிக்குத் தேவை வந்தது. தீபுதா பிறந்தார்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கே போகலாம் என்று யோசிக்கும் நண்பர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்நிலம் அழகாக இருக்கும். 2022 முதல் தேவ்கருக்கு விமானமும் உண்டு. ஆனால் ஹௌராவிலிருந்து ரயிலில் போவதே பொருத்தம். கிரிடியில் உஸ்ரி அருவி. அதே மாவட்டத்தில் சமணர்களின் சிகர்ஜி அமைந்த பாரஸ்நாத் மலை, 1,300 மீட்டருக்கும் மேல். சிராவண மாதக் காவடிக் கூட்டத்தில் தேவ்கரைத் தவிர்ப்பது நல்லது, அந்தக் கூட்டத்தையே பார்க்க விரும்பினால் ஒழிய. மதுபூரில் பழைய வீடுகளின் வாயிலை நின்று பாருங்கள். கூரை சரிந்த வீட்டிலும் பெயர் பொறித்த சலவைக்கல் சில இடங்களில் மிஞ்சியிருக்கும். எழுத்து வங்காள எழுத்து. தெருவில் பேசப்படுவது கோர்ட்டா. பள்ளியில் கற்பிக்கப்படுவது தேவநாகரி. உள்ளே குடியிருப்பவரிடம் வீட்டின் பெயரைக் கேட்டால், கல்லைப் பார்க்காமலே சொல்வார்.