சுப்பாராவ்: மேற்கோள் எண்ணிக்கைக்குள் அடங்காத மருத்துவ ஆய்வாளர்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948) சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆய்வு செய்த உயிர்வேதியியலாளர். ஓர் ஆய்வாளரின் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவருடைய தாக்கத்தை அளப்பது இன்றைய வழக்கம். இதை மேற்கோள் எண்ணிக்கை என்பர். அந்த அளவுகோல் எதைக் காட்டும், எதை விட்டுவிடும் என்பதற்குச் சுப்பாராவின் ஆய்வு வாழ்க்கை நல்ல சான்று.

கல்வி

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றபின் மருத்துவம் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை அரங்குக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. தறிச் சத்தம் ஓயாத எங்கள் சோமனூர்ப் பகுதி மாணவர்களுக்கு இச்செய்தி எளிதில் மனத்தில் பதியும்.

அவருடைய சகோதரர் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் உடற்கூறியல் கற்பித்த சுப்பாராவ், 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார்.

ஹார்வர்டு ஆய்வுகள்

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை உருவாக்கி 1925இல் வெளியிட்டார். அமிலக் கரைசலில் பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து, பின் ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நிறம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பரஸ் மிகுதி. எளிய முறை என்பதால் உலகெங்கும் பரவியது. உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் அது ஒன்றானது.

இம்முறையைக் கொண்டே இருவரும் தசையில் உள்ள பாஸ்போகிரியாட்டினை 1927இலும், ஏ.டி.பி.யை 1929இலும் அறிவித்தனர். முன்னதை இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும், பின்னதை ஜெர்மனியில் லோமனும் தனித்தனியே அதே ஆண்டுகளில் கண்டறிந்தனர். தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற ஹில், மேயர்ஹாஃப் ஆகியோரின் கருத்து இதனால் ஆட்டம் கண்டது. அவ்விருவரும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. ஃபிஸ்கேயின் பொறாமையால் சுப்பாராவின் சில ஆய்வுகள் வெளிவராமல் போயின என்று, அதே ஆய்வகத்தில் பயின்று பின்னர் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கூறினார்.

லெடர்லி காலம்

1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்த சுப்பாராவ் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். இங்கே அவர் பெயர் இடம்பெற்ற விதத்தைக் கவனிக்க வேண்டும்.

ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததை 1945இல் அறிவித்த கட்டுரையில் பதினாறு ஆசிரியர்கள். பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் இருந்ததால் அது "ஆங்கியர் முதலானோர்" என்றே மேற்கோள் காட்டப்படும். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்து பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டுரை "ஹியூவிட் முதலானோர்" எனப்படும். ஆரியோமைசின் பற்றிய 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் டகர் ஒருவரே ஆசிரியர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிவதை 1948 ஜூனில் சிட்னி ஃபார்பர் குழு அறிவித்தது. அதற்குப் பயன்பட்ட அமினோப்டெரின் சுப்பாராவின் குழு தயாரித்து அளித்த மருந்து. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில் அவர் காலமானார்.

மதிப்பீடு

மேற்கோள் எண்ணிக்கை கட்டுரையில் அச்சான பெயரை மட்டுமே எண்ணும். குழுவுக்கு வழிகாட்டியவரையும், மருந்தை அனுப்பி உதவியவரையும் அது எண்ணாது. மேலும், ஒரு கண்டுபிடிப்பு பாடநூலுக்குள் வந்துவிட்டால் மூலக் கட்டுரையை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. ஏ.டி.பி. பற்றி எழுதும் மாணவர் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் போவதில்லை.

இந்திய அரசு 1995இல் அவருடைய நூற்றாண்டு நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. ஸ்ப்ரூ நோயில் ஏற்படும் இரத்தச் சோகைக்கு ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று; அவருடைய சகோதரர்களுக்கு அது எட்டவில்லை. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கும், பள்ளிகளில் மாணவர்களுக்கும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பயன்பாடு எந்த மேற்கோள் பட்டியலிலும் சேராது.