டிராக்டர் தொழிலின் ஒருங்கிணைப்பும் சிவாஜிநகர் உதிரிபாகச் சந்தையும்

டிராக்டர், பவர் டில்லர் முதலிய வேளாண் இயந்திரங்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கியும் இணைந்தும் எண்ணிக்கையில் சுருங்குவது தொழில் ஒருங்கிணைப்பு எனப்படும். எண்ணிக்கை அளவில் உலகின் மிகப்பெரிய டிராக்டர் சந்தை இந்தியா. 2022-23 நிதியாண்டில் உள்நாட்டில் ஏறத்தாழ 9.45 லட்சம் டிராக்டர்கள் விற்றன. இவ்வளவு பெரிய சந்தையின் பெரும்பகுதி ஒரு சில குழுமங்களிடம் உள்ளது. உழவர் இயந்திரத்துக்குக் கொடுக்கும் விலை, வாங்கும் நாளோடு முடிவதில்லை. பழுதாகும் ஒவ்வொரு முறையும் அது தொடர்கிறது. அதனால் ஒருங்கிணைப்பின் விளைவை ஷோரூமில் மட்டும் பார்த்தால் போதாது. உதிரிபாகக் கடையிலும் பார்க்க வேண்டும். பெங்களூரின் சிவாஜிநகர் அப்படிப்பட்ட கடைகள் நிறைந்த பகுதி.

தோற்றம்

விடுதலைக்குப் பின் சில ஆண்டுகள் இந்தியா டிராக்டர்களை இறக்குமதி செய்தே வந்தது. 1959-இல் ஐஷர் நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவுடன் ஃபரிதாபாத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. 1960-இல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸி ஃபெர்குசன் நிறுவனத்துடன் சேர்ந்து டாஃபே நிறுவனத்தை அமைத்தது. அதன் செம்பியம் ஆலையில் உருவான சிவப்பு டிராக்டர்கள் தமிழக வயல்களில் இன்றும் பழகிய காட்சி. 1963-இல் மகிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் இணைந்தது. துர்காபூர் மத்திய இயந்திரவியல் ஆய்வுக்கழகம் வடிவமைத்த ஸ்வராஜ், 1974-இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் வழியாகச் சந்தைக்கு வந்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைக் கடன் வாங்காமல் உருவான டிராக்டர் என்பது அதன் பெருமை.

இணைப்புகள்

1990களின் தொடக்கத்தில் உரிமக் கட்டுப்பாடு தளர்ந்ததும் புதிய நிறுவனங்கள் வந்தன, பழையவை கைமாறின. மகிந்திரா 1999-இல் குஜராத் டிராக்டர்ஸையும், 2007-இல் பஞ்சாப் டிராக்டர்ஸையும் தன்வசமாக்கியது. மகிந்திரா, ஸ்வராஜ் இரண்டும் தனித்தனிப் பெயரில், தனித்தனி நிறத்தில் விற்றாலும் உரிமையாளர் ஒருவரே. இன்று இந்தியாவில் விற்கும் டிராக்டர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இக்குழுமத்துடையவை. 2005-இல் ஐஷரின் டிராக்டர் பிரிவை டாஃபே வாங்கி இரண்டாம் இடத்தை உறுதிசெய்தது. ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தில் ஜப்பானின் குபோட்டா தன் பங்கை உயர்த்த, 2022-இல் அது எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆனது.

உலக அளவிலும் போக்கு இதுவே. 1990-இல் அமெரிக்காவில் உருவான ஆக்கோ நிறுவனம் 1994-இல் மாஸி ஃபெர்குசனை வாங்கியது. 1999-இல் கேஸும் நியூ ஹாலந்தும் சி.என்.எச். ஆயின. அமெரிக்காவில் நடந்த விற்பனை செம்பியத்தைத் தொடாமல் இருக்கவில்லை. மாஸி ஃபெர்குசன் பெயர் யாருக்குச் சொந்தம் என்று டாஃபேவுக்கும் ஆக்கோவுக்கும் எழுந்த வழக்கு 2025-இல் சமரசத்தில் முடிந்தது. இந்தியாவில் அப்பெயரின் உரிமை டாஃபேவுக்கு வந்தது.

பெங்களூரின் பங்கு

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., 1971-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார் தொழில்நுட்பத்துடன் பிஞ்சோரில் டிராக்டர் தயாரித்தது. கைக்கடிகாரத்துக்குப் பெயர்பெற்ற இந்நிறுவனத்தின் டிராக்டர்களும் நெடுநாள் உழைத்தன. நட்டம் பெருகவே, அப்பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆலை மூடினாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தயாரித்தவர் இல்லாத வண்டிக்குப் பாகம் தேடும் சுமை உழவரின் தலையில் விழுகிறது.

பவர் டில்லர் தொழிலில் இந்நகரின் இடம் தனித்தது. வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் நிறுவனம் 1967-இல் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டுறவுடன் இங்குத் தொடங்கியது. இத்துறையில் அதோடு சேர்த்துச் சொல்லப்படுவது, 1973-இல் தொடங்கிய கேரளப் பொதுத்துறை நிறுவனமான காம்கோ. டிராக்டர் திரும்ப இடமில்லாத சிறு வயலில், கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்தே தொளி உழ டில்லர் ஏற்றது. 2020-இல் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உள்நாட்டு ஆலைகளுக்கு இது காப்பு. அதே வேளையில், விலை குறைந்த சீனப் பொருளை நாடிய சிறு விவசாயிக்கு ஒரு வழி குறுகியது.

விலை ஏறுவதற்கான காரணங்கள்

நிறுவனங்கள் சுருங்கியது மட்டுமே விலையேற்றத்துக்குக் காரணம் அன்று. கொரோனா காலத்தை அடுத்து எஃகு விலை ஏறியது. நிறுவனங்கள் அடுத்தடுத்து விலையைத் திருத்தின. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் நான்காம் கட்டப் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஈடுகொடுக்க மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் டீசல் அமைப்பு தேவைப்பட்டது. இந்தியாவில் விற்பவற்றில் பெரும்பாலானவை 50 குதிரைத்திறனுக்கு உட்பட்டவை என்பதால் பலரும் தப்பினர். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், டயர், உதிரிபாகங்களுக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைக்கப்பட்டது ஓர் ஆறுதல்.

விலையின் பாரம் நிலத்தின் அளவைப் பொறுத்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நிலவுடைமை இந்தியாவில் 1.08 ஹெக்டேர், கர்நாடகத்தில் 1.36, தமிழ்நாட்டில் 0.75. இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலத்துக்குச் சொந்தமாக டிராக்டர் வாங்கினால் ஆண்டின் பெரும்பகுதி அது கொட்டகையில்தான் நிற்கும். தவணை மட்டும் நிற்காது.

வாடகை மையங்கள்

இதற்கு மாற்றாக எழுந்தது வாடகை ஏற்பாடு. கர்நாடக அரசு 2014-15 முதல் 'கிருஷி யந்திர தாரே' என்னும் பெயரில் ஹோப்ளி எனப்படும் ஊர்த்தொகுதி அளவில் வாடகை மையங்களை நடத்துகிறது. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை மணிக்கணக்கில் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. இ-வாடகை செயலியில் முன்பதிவு செய்யலாம். ஊருக்கெல்லாம் ஒரே நாளில் மழை பெய்து எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழவு வரும்போது வரிசை நீள்வது இதன் குறை. அந்த வாரத்தில் ஓர் இயந்திரம் பழுதாகி நின்றால் பலருடைய பருவம் தவறும். ஆகவே வாடகை முறையும் கடைசியில் உதிரிபாகத்தையே நம்பி நிற்கிறது.

சிவாஜிநகர்

சிவாஜிநகரின் பழைய பெயர் பிளாக்பள்ளி. செஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவ உழவர்கள் இங்கு வெள்ளை அரிசி விளைவித்ததால் 'பிளி அக்கி பள்ளி' என வழங்கி, பின்பு அவ்வாறு திரிந்தது என்று பெயர்க்காரணம் சொல்வர். கண்டோன்மென்ட் வளர வளர வயல்கள் மறைந்து கடைத்தெருக்கள் வந்தன. ரசல் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளில், குஜரி எனப்படும் பழைய இரும்பு, வண்டிப் பாக வணிகம் வேரூன்றியது. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே பேரத்தில் கலக்கும் இடம் இது.

இது டிராக்டருக்கென ஏற்பட்ட சந்தை அன்று. கழற்றி விற்கும் கார், ஆட்டோ பாகங்களே இங்கு அதிகம். ஆனால் பேரிங், ஆயில் சீல், பெல்ட், போல்ட் போன்றவை எந்த வண்டி என்று பார்ப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் பேரிங்கின் விளிம்பில் 6205 என்று ஓர் எண் தெரியும். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் 25. உள்விட்டம் 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15. யார் செய்தாலும் இந்த அளவு மாறாது. விரலில் மாட்டிச் சுழற்றி, கரகரப்பு கேட்கிறதா என்று காதருகே வைத்துப் பார்த்தால் அதன் நிலையும் தெரிந்துவிடும்.

டிராக்டரின் பின்புறமும் இதே முறையில் அமைந்தது. மூன்று புள்ளி இணைப்பும், நிமிடத்துக்கு 540 சுற்றும் ஆறு பற்கள் கொண்ட, எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டும் பொது அளவுகள். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் ரோட்டவேட்டரை இன்னொரு நிறுவனத்தின் டிராக்டரில் பூட்ட முடிகிறது. நிறுவனங்கள் எத்தனை இணைந்தாலும் உழவருக்குப் பேரம் பேச இடம் இருப்பது இந்தப் பொது அளவுகளால்தான்.

பழுதுபார்க்கும் உரிமை

மின்னணு அமைப்பு வந்தபின் பேரம் பேசும் அந்த இடம் சுருங்குகிறது. பழைய டீசல் பம்பை ஊர் மெக்கானிக் ஸ்பேனரால் பிரித்துச் சரிசெய்தார். புதிய எஞ்சினின் கோளாறைச் சொல்ல ஸ்கேனரும், நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டும். அமெரிக்காவில் இந்தச் சிக்கல் முற்றி, 2023-இல் கொலராடோ மாநிலம் வேளாண் இயந்திரங்களுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் ஜான் டியர் நிறுவனத்தின் மீது கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு, வேளாண் கருவிகளையும் பழுதுபார்க்கும் உரிமைக்குரிய துறைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

உரிமையாளர்கள் குறைவதைச் சட்டத்தால் முழுதும் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் பிழைக்குறியின் பொருளும், பாகத்தின் அளவும், பழுது நீக்கும் முறையும் எல்லோருக்கும் திறந்திருக்கச் செய்ய முடியும். 6205 என்ற எண்ணை ஊர் மெக்கானிக் எப்படிப் படிக்கிறாரோ, அப்படியே புதிய டிராக்டரின் திரையையும் அவர் படிக்க வேண்டும்.