படமாய் நின்ற பொற்காசு

மஸ்ஜித் இந்தியாவின் நகைக்கடைகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உரைகல்லின் நினைவு வரும். பொன்னை உரைத்து மாற்றறியலாம். வரலாறு கற்போர்க்கோ பழம் பொற்காசுகள் பெரும்பாலும் படங்களாகவே கிடைக்கின்றன. படத்தின் மாற்றை அறிவது எங்ஙனம்?

பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் பொற்காசு ஒன்றைச் சர் வால்டர் எலியட், தென்னிந்திய நாணயங்களைப் பற்றி 1886-இல் வெளியிட்ட நூலில் வரைபடமாகத் தந்தார். மூலக்காசு பின்னர்க் காணாமற் போயிற்று. எஞ்சிய சான்று அவ்வரைபடமே. வரைந்த கை ஓரெழுத்துப் பிழைத்திருப்பின், நாம் படிக்கும் பெயரும் பிழையாகும்.

கருவி எடுக்கும் ஒளிப்படமும் குற்றமற்றதன்று. பொன்னின் பளபளப்பு எழுத்துகளை மறைக்கும். ஒளி கீழிருந்து விழுந்தால் மேடு பள்ளமாகத் தோன்றும். இது கருதியே முன்னை ஆய்வாளர் காசினைச் சுண்ணச்சாந்தில் அச்செடுத்து, அவ்வச்சைப் படம்பிடித்தனர்.

நல்ல படத்தில் ஒளி மேற்புறமிருந்து சாய்ந்து விழுந்திருக்கும். காசின் இருபுறமும் இடம்பெறும். அருகே அளவுகோல் இருக்கும். எழுத்து ஐயமறத் தெரியும். அழகு இவற்றிற்குப் பின்னரே. எடையையும் மாற்றையும் எப்படமும் காட்டாது. அவற்றை எழுதியே வைத்தல் வேண்டும்.

மாணவர்களே, பழங்காசு ஒன்றைப் படமெடுக்க நேர்ந்தால் இவற்றை மறவாதீர். நாளை காசு மறையலாம். அன்று உங்கள் படமே சான்று கூறும்.