2,7,8-ஆ? 3,4,9-ஆ?

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பரீட்சையில் எனக்கு ஒரு மார்க் போச்சு. பத்து கார்பன் சங்கிலி, மூணு மெத்தில் கிளை. ஒரு முனையிலிருந்து எண்ணினால் 2,7,8, மறுமுனையிலிருந்து 3,4,9. நான் எழுதினது 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன். "கூட்டிப் பாருடா, உன்னோடது 17. அந்தப் பக்கம் 16 தான்" என்றார் வாத்தியார்.

பிற்பாடு தோண்டிப் பார்த்தேன். கதை 1892 ஏப்ரலில் ஜெனிவாவில் தொடங்குகிறது. அப்போ ஒரே சேர்மத்துக்கு ஆளுக்கொரு பெயர். புத்தகத்தில் தேடினால் சிக்காது. சார்ல்ஸ் ஃப்ரீடல் தலைமையில் 9 ஐரோப்பிய நாடுகளின் 34 வேதியியலாளர்கள் கூடினார்கள். பேயர், எமில் ஃபிஷர், கன்னிஸாரோ எல்லாரும் ஆஜர். நீளமான சங்கிலிதான் அடிப்படை, கிளைக்குக் கிட்ட இருக்கிற முனையிலிருந்து எண்ணு என்று முடிவாச்சு. கூட்டல் கணக்கே கிடையாது!

1919-ல் பிறந்த ஐயூபேக் பின்னாளில் இதை இன்னும் தெளிவாக்கியது. எண்களை வரிசையாக ஒப்பிடு, முதலில் எங்கே வித்தியாசம் வருதோ அங்கே சின்ன எண் உள்ளதே சரி. நாம ப்ரோக்ராமில் இரண்டு பட்டியலை ஒப்பிடுவோமே, அதேதான். 2-ஆ 3-ஆ என்றதுமே கதை முடிஞ்சுது.

1979 விதிநூலில் இதற்கு என்ன உதாரணம் தெரியுமா? 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன். 3,4,9 அல்ல என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

சார், என் ஒரு மார்க்? :-)